மாரடைப்பு என்று ஓடிய நான்கு இரவுகள்

காட்பாடிக்காரன்:

ரேஷன் அட்டை வைக்கும் பிளாஸ்டிக் உறையில் என்னுடைய ஈ.சி.ஜி. தாள்கள் நான்கு இருக்கின்றன. நான்கிலும் ஒரு கோடுகூடப் பிசகவில்லை. ஒவ்வொரு முறையும் நெஞ்சு இறுகி, விரல் மரத்து, இன்றோடு கதை முடிந்தது என்று நள்ளிரவில் ஆட்டோ பிடித்து ஓடியவன் நான். முதல் முறை எடுத்துப் பார்த்தது சரிதான். நெஞ்சுவலியில் யாரும் சூதாட முடியாது. அடுத்தடுத்த முறையும் "வாயு" என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். வீட்டில் ஓமத் தண்ணீர்.

நான்காவது இரவு பணியில் இருந்த இளம் டாக்டர் தாளை மடித்து வைத்துவிட்டு, "வீட்டில் சமீபத்தில் யாராவது தவறினார்களா?" என்று கேட்டார். அப்பா போய் ஒன்பது மாதம் ஆகியிருந்தது. முதல் இரவு வந்தது அவருடைய காரியம் முடிந்த மறுவாரம். அந்த இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை, நான் உட்பட.

மனநல மருத்துவருக்கு எழுதிக் கொடுத்தார். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் பாகாயத்தில் இருப்பதால், எங்கள் தெருவில் அந்த ஊர்ப் பெயரே கேலிப் பேச்சு. இத்தனைக்கும் நான் தினமும் கடை வேலைக்குப் போனது பாகாயம் என்று பலகை மாட்டிய டவுன் பஸ்ஸில்தான். பாதியில் இறங்கிக்கொள்வேன், அவ்வளவுதான்.

அங்கே முதலில் தைராய்டுக்கு இரத்தம் எடுத்தார்கள். பிறகு, இது மாரடைப்பு இல்லை, பேனிக் அட்டாக் என்கிற திடீர்ப் பயத் தாக்குதல் என்று பொறுமையாக விளக்கினார்கள். பயத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது; விரல் மரப்பதும் தலை கிறுகிறுப்பதும் அதனால்தான். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கிவிடும். மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், நடுவில் நிறுத்தாதே என்றார்கள்.

என் வருத்தம் வேறு. முதல் மாதத்தில் எனக்குப் பயம் இரவைப் பார்த்து மட்டும்தான். மூன்றாம் மாதம் பஸ். ஐந்தாம் மாதம் பாலாற்றுப் பாலம். அப்புறம் கோயில் வரிசை, கல்யாணப் பந்தி. ஒவ்வொன்றையும் தவிர்த்தபோது அந்த நேரத்துக்கு நிம்மதி கிடைத்தது. அந்த நிம்மதிதான் பயத்துக்குத் தீனி என்பது பின்னால் புரிந்தது. தவிர்த்த அத்தனை இடத்துக்கும் திரும்பப் போய் நின்று பழக வேண்டியிருந்தது. முதல் மாதமே போயிருந்தால் பட்டியல் ஒரு வரியோடு முடிந்திருக்கும். பாலாற்றில் தண்ணீராவது ஓடியதா என்றால் அதுவும் இல்லை. வெறும் மணலைப் பார்த்துப் பயந்திருக்கிறேன்.

குடியாத்தம் அக்கா:

எங்கள் வீட்டில் சீக்கிரம் கண்டுகொண்டோம், அந்தப் பெருமை கிராம சுகாதாரச் செவிலியரைச் சேரும். தங்கை குழந்தைக்கு ஆறாம் வாரத் தடுப்பூசி போடப் போனோம். அவர் ஊசியைப் போட்டுவிட்டு அவளிடம், "பாப்பா தூங்கும்போது நீ தூங்குகிறாயா?" என்று கேட்டார். அவள் இல்லை என்று சொல்லி அழ ஆரம்பித்தாள். பிரசவமான முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் அழுவது பலருக்கும் உண்டாம். அதைத் தாண்டியும் நீடித்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றார்.

"பச்சை உடம்பு, மாத்திரை ஆகாது" என்று அம்மா சண்டைக்கு வந்தார். பால் கொடுக்கும் தாய்க்கும் பொருத்தமான மருந்துகள் உண்டு என்று டாக்டர் சொன்னார். ஆனால் தங்கைக்கு வாரம் ஒரு முறை பேச்சு, இரவில் குழந்தையை நாங்கள் பார்த்துக்கொள்வது, இவையே போதுமாக இருந்தன. இரண்டு மாதத்தில் பழையபடி என்னோடு சண்டை போட்டாள்.

ஆரணித் தறிக்காரர்:

நாங்கள் தாமதித்தவர்கள். தம்பிக்குக் காதில் குரல் கேட்க ஆரம்பித்தபோது வயது 19. மூன்று வருடம் தாயத்து, வேப்பிலை, ஊர் ஊராக மந்திரிப்பு. அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். தெரிந்த வாசலைத்தான் தட்டினார். 2001 ஆகஸ்டில் ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் சங்கிலியோடு 28 பேர் தீயில் இறந்த செய்தியை நானும் படித்தவன்தான், அப்படியிருந்தும் ஒரு தர்காவில் அவனைக் கட்டிப்போட நானே சம்மதித்தேன். இதை எழுதும்போது கை நடுங்குகிறது.

பாகாயத்தில் நோயாளியோடு வீட்டாரும் தங்க வேண்டும். நான் தங்கினேன். மாத்திரையில் குரல்கள் அடங்கின. இப்போது தறிக்கு நூல் தார் சுற்றித் தருகிறான், கூலி வாங்குகிறான். ஆனால் சேலையில் புட்டா என்கிற பூ வேலை போடும் கை அவனுக்குத் திரும்பவில்லை. இந்த நோய்க்குச் சிகிச்சை இல்லாமல் போகும் காலம் நீள நீள மீட்சி கடினமாகிறது என்று அங்கே சொன்னார்கள். அந்த மூன்று வருடத்தை நான் தினமும் தறியில் பார்க்கிறேன்.

வாலாஜா:

நேரில் போகக் கூச்சமாக இருக்கிறது. செலவு எப்படி? காட்பாடிக்காரரே, வேலை இடத்தில் என்ன சொன்னீர்கள்?

காட்பாடிக்காரன்:

14416 என்ற எண்ணில் பேசிப் பாருங்கள். டெலி மானஸ் என்கிற மனநல உதவித் தொலைபேசி, 2022இல் மத்திய அரசு தொடங்கியது, இலவசம், இரவிலும் தமிழில் பேசலாம். செலவு கட்டாது என்றால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள்.

முதலாளியிடம் பல் வலி என்று சொன்னேன். எட்டு வாரம் பல் வலி. இப்போதும் "பல் எப்படியப்பா இருக்கிறது?" என்று விசாரிக்கிறார். ஆடவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.