பண்டிகை செவ்வாய்க்கிழமை, கொண்டாட்டம் சனிக்கிழமையா?

பெட்டிகட்டி:
வெளிநாட்டுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. ஊர்ப் பண்டிகை எந்தக் கிழமை வந்தாலும் எங்கள் குழுவில் அதைச் சனிக்கிழமைக்குத் தள்ளிவிடுகிறார்கள். அன்றைக்குத்தான் மண்டபம் கிடைக்குமாம். எனக்கு இது ஒட்டவே இல்லை. நாள் போன பிறகு கூடினால் அது வெறும் விருந்து. விடுப்பு எடுத்தாவது அன்றைக்கே கொண்டாட வேண்டும் என்பது என் கட்சி.

நாலுமணிபஸ்:
சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். மணிக்கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு விடுப்பு என்றால் அன்றைய சம்பளம் போச்சு. அப்புறம், தேதியை மாற்றக் கூடாது என்று யார் சொன்னது? சொந்த நாட்டிலேயே மாற்றுகிறார்களே. ஜப்பானில் வயது வந்தோர் தினம் ஜனவரி 15ஆக இருந்தது. 2000 முதல் அது ஜனவரியின் இரண்டாம் திங்கட்கிழமை. பிரிட்டன் மன்னர் சார்லஸ் பிறந்தது நவம்பர் 14, அரசு விழா எடுப்பதோ ஜூன் மாதத்தில். மன்னர் பிறந்தநாளையே தள்ளலாமாம், நமக்கு மட்டும் ஆகாதா?

பெட்டிகட்டி:
பாதிக் கதையை விட்டுவிட்டீர்கள். அமெரிக்காவில் 1968இல் சட்டம் போட்டுச் சில விடுமுறைகளைத் திங்கட்கிழமைக்கு நகர்த்தினார்கள். முன்னாள் படைவீரர் நாளும் 1971 முதல் அக்டோபருக்குப் போனது. ஆனால் முதல் உலகப் போர் ஓய்ந்தது நவம்பர் 11 அல்லவா? ஜனங்களுக்கு மனசு ஒப்பவில்லை. 1978இல் பழைய தேதிக்கே கொண்டுவந்துவிட்டார்கள். எல்லா நாளும் நகர்ந்து கொடுக்காது சார்.

மூன்றாம்மாடி:
நானும் ஒரு வருடம் 'அன்றைக்கே' என்று பிடிவாதம் பிடித்தேன். விடுப்பு கிடைக்கவில்லை. புதுச் சட்டைக்கு மேல் குளிர்கோட்டைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். அம்மா வீடியோவில் அழைத்தபோது பேச இடமில்லாமல் அலுவலகக் கழிவறையில் நின்று வாழ்த்து சொன்னேன். பக்கத்தில் ஒருவர் கை உலர்த்தும் இயந்திரத்தைத் தட்டிவிட்டார். "என்னடா, அங்கே மழையா?" என்றார் அம்மா. "ஆமாம்மா, நல்ல மழை" என்று சொல்லி வைத்தேன். அடுத்த வருடத்திலிருந்து நான் சனிக்கிழமைக் கட்சி.

பெட்டிகட்டி:
சிரித்துவிட்டேன். ஆனால் உங்கள் அம்மா அழைத்தது அன்றைக்குத்தானே? சனிக்கிழமை நீங்கள் மண்டபத்திலிருந்து அழைத்தால் அங்கே வீடு கூட்டிப் பெருக்கி, வந்த விருந்தாளிகள் எல்லாம் போயிருப்பார்கள். ஊரும் நாமும் ஒரே நாளில் இருப்பது வருடத்தில் அந்த ஒரு நாள்தான். அதையும் விட்டுக்கொடுத்தால் எப்படி?

இரட்டைப்பாஸ்போர்ட்:
இரண்டு பேருமே ஊரையே பார்த்துப் பேசுகிறீர்கள். இங்கே பிறந்த என் பிள்ளைகளுக்கு அந்தத் தேதி ஒரு எண், அவ்வளவுதான். மண்டபத்தில் நாற்காலிக்கு அடியில் புகுந்து ஓடினார்களே, அந்தச் சனிக்கிழமைதான் அவர்களுடைய பண்டிகை. அதைக் குறைவாக நினைக்காதீர்கள். அயர்லாந்துக்காரர்களைப் பாருங்கள். அவர்கள் பண்டிகையான புனித பேட்ரிக் நாள் (மார்ச் 17) அணிவகுப்பு நியூயார்க்கில் 1762இலேயே நடந்தது, அமெரிக்கா என்ற நாடு உருவாகும் முன்பே. அவர்கள் தலைநகரான டப்ளினில் அரசு ஆதரவோடு அணிவகுப்பு வந்தது 1931இல்தான். வெளியே போனவர்கள் முந்திக்கொண்டார்கள். மார்ச் 17 ஞாயிறாக வந்தால் நியூயார்க்கில் 16ஆம் தேதியே நடத்தியும் விடுகிறார்கள்.

பெட்டிகட்டி:
ஞாயிறு வழிபாட்டுக்கு வழிவிட்டு ஒரு நாள் முன்னே எடுப்பதும், மண்டபம் காலியில்லை என்று மூன்று வாரம் தள்ளுவதும் ஒன்றா? எங்கள் குழுவில் போன தடவை அப்படித்தான் நடந்தது.

இரட்டைப்பாஸ்போர்ட்:
மூன்று வாரம் கொஞ்சம் அதிகம்தான். அதை ஒப்புக்கொள்கிறேன்.

நாலுமணிபஸ்:
நான் ஒப்புக்கொள்ளவில்லை. மண்டபம் கிடைத்ததே பெரிய விஷயம். சரி, இந்தத் தடவை வருகிறீர்களா இல்லையா?

பெட்டிகட்டி:
நாற்காலி போடும் வேலைக்கு என் பெயரை ஏற்கெனவே எழுதிவிட்டார்கள். வருவேன். செவ்வாய்க்கிழமைக்கு விடுப்பும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.