அப்பாவின் இன்சுலினும் இதயத் துடிப்பும்: தஞ்சை, கும்பகோணம் பக்கம் யாராவது வழி சொல்லுங்கள்
வணக்கம். மன்னார்குடிப் பக்கம் விவசாயக் குடும்பம் எங்களுடையது. அப்பாவுக்கு 58 வயது. வெறும் வயிற்றில் சர்க்கரை 104, இன்சுலின் 22. இரண்டையும் பெருக்கி 405ஆல் வகுத்தால் ஹோமா ஐ.ஆர் (இன்சுலின் தடையைக் காட்டும் கணக்கு) ஐந்தரைக்கு மேல். இன்சுலின் தடை, அதாவது இன்சுலினுக்கு உடல் சரியாகக் கட்டுப்படாத நிலை, அதிகமாகவே இருக்கிறது என்று அர்த்தம். தம்பி வாங்கித் தந்த ஸ்மார்ட் வாட்சில் எச்.ஆர்.வி (இதயத் துடிப்புகளுக்கு இடையிலான நேரம் எவ்வளவு கூடிக் குறைகிறது என்ற அளவு) 20 மில்லி செகண்டைத் தாண்டுவதே இல்லை.

இதயம் கடிகாரம் மாதிரி ஒரே சீராகத் துடிக்க வேண்டும் என்றுதான் நினைத்திருந்தோம். உண்மையில் ஓய்வில் இருக்கும்போது துடிப்புகளுக்கு இடையிலான நேரம் கொஞ்சம் கூடிக் குறைவதுதான் நல்லதாம். அதற்கு முக்கியக் காரணம், இதயத்தை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பு. ரத்தத்தில் இன்சுலின் நாள்கணக்காக மிகுந்திருந்தால், இதயத்தை வேகப்படுத்தும் சிம்பதெடிக் நரம்புகள் முடுக்கிவிடப்பட்டு, இந்த ஏற்ற இறக்கம் குறையலாம், ரத்த அழுத்தமும் ஏறலாம். வயதும் தூக்கக் குறைவும்கூட அந்த ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் (சம்பா நேரத்தில் அவர் எங்கே தூங்குகிறார்!). வாட்ச் கணக்கை அப்படியே நம்பவும் முடியாது.

ஈ.சி.ஜி சரியாக இருக்கிறது. ஆழ்ந்து மூச்சு விடச் சொல்லியும் எழுந்து நிற்கச் சொல்லியும் துடிப்பை அளக்கும் நரம்புச் சோதனை தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ எங்கே செய்கிறார்கள்? முதலில் பார்க்க வேண்டியது சர்க்கரை டாக்டரையா, இதய டாக்டரையா? அப்புறம், மூன்று வேளையும் சோறு கேட்கும் டெல்டாக்காரரை எப்படி வழிக்குக் கொண்டுவந்தீர்கள் என்றும் எழுதுங்கள். மாத்திரைப் பெயர்கள் மட்டும் வேண்டாம்.