மறுமொழி: பீனோடைப்பிங் – ‘பண்பளவை’ சரிவருமா?

குழுவினருக்கு வணக்கம். செடியின் பண்புகளை (இலைப்பரப்பு, நீர்ச்செலவு போன்றவற்றை) அளந்து பதிவதுதான் பீனோடைப்பிங் (phenotyping). அதைத் தமிழில் ‘பண்பளவை’ எனலாமா என்று நான் கேட்டதற்கு வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> பாடநூலில் ‘புறத்தோற்றம்’ இருக்கிறதே. ‘புறத்தோற்ற ஆய்வு’ என்று போட்டுவிட்டால் என்ன?

போடலாம்தான். ஆனால் கொண்டைக்கடலையில் வறட்சி தாங்கும் ரகங்களைப் பிரித்தெடுக்கும் வேலைக்கு அது காணாது. ஹைதராபாத் பக்கம் பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் லேசர் வருடி ஒன்று தொட்டிகளுக்கு மேலே வரிசையாக நகர்ந்து இலைப்பரப்பைக் கணக்கிடும். தொட்டியை எடை உணரி மேல் வைத்தால், குறைகிற எடையிலிருந்து செடி எவ்வளவு நீரை ஆவியாக விட்டது என்று தெரிந்துவிடும். நீர் ஆவியாக வெளியேறும் இலைத்துளைகளை மூடிய செடி, வெப்பப் படக்கருவியில் சூடாகத் தெரியும்.

இதில் தேடுவது என்ன? கொண்டைக்கடலை பெரும்பாலும் மழை ஓய்ந்தபின், மண்ணில் மிஞ்சிய ஈரத்தில் வளர்வது. காற்று மிகவும் உலர்ந்த நண்பகலில் துளைகளைக் கொஞ்சம் சாத்தி, மிச்சம் பிடித்த நீரைக் காய் முற்றும் காலத்துக்கு வைத்துக்கொள்கிற ரகம் வேண்டும். வெளியே பார்த்தால் இப்படி நீரைச் சேமிக்கும் செடியும் சேமிக்காத செடியும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பிறகு ‘தோற்றம்’ எதற்கு? பீனோடைப் என்ற சொல்லை 1909இல் தந்த டென்மார்க் அறிவியலாளர் ஜோஹான்சனே பீன்ஸ் விதைகளை எடைபோட்டு ஆராய்ந்தவர்தான்.

> ‘பண்பளவை’ என்றால் நன்னடத்தைச் சான்றிதழ் மாதிரி ஒலிக்கிறது.

சிரித்துவிட்டேன். ஆனாலும் மெண்டலின் பட்டாணியில் ஏழு பண்புகள் என்று படித்தபோது யாரும் பட்டாணியின் ஒழுக்கத்தை நினைக்கவில்லையே. ‘அளவை’யும் நிறுத்தல் அளவை, முகத்தல் அளவை என்று பழகியதுதான்.

ஒரு வேலையாகத்தான் கேட்கிறேன். எங்கள் அடுக்குமாடி புளோக்கின் சமூகத் தோட்டத்துக்கு இதைப் பற்றி நான்கு மொழியில் தகவல் பலகை எழுதுகிறோம். தமிழ் என் பொறுப்பு. (மழை கொட்டும் சிங்கப்பூரில் வறட்சி எதற்கு என்று கேட்டவர்களுக்கு: நாம் தின்னும் பருப்பெல்லாம் வேறு ஊர் மண்ணில்தானே விளைகிறது.) பலகைக்குப் பின்னால் பயத்தங்காய்ப் பந்தல். அது தட்டைப்பயறின் உறவு. ஈரம் குறைந்த மதியத்தில் வெயிலுக்கு இலையின் விளிம்பை மட்டும் காட்டி நிற்கும். வருகிறவர்களுக்கு அதையே காட்டி ‘இதையும் அளக்கிறார்கள்’ என்று சொல்லிவிடலாம்.

அப்புறம், ‘வறட்சி எதிர்ப்பு’ என்று பொத்தாம்பொதுவாக எழுத வேண்டாம். சீக்கிரம் காய்த்து முடிக்கும் ரகம் வறட்சிக்குத் தப்புகிறது. வறட்சியைத் தாங்குவது வேறு. பலகையில் ‘தப்பல்’, ‘தாங்கல்’ என்றே போடப்போகிறேன்.

ஆயிரக்கணக்கான செடிகளை ஒரே மூச்சில் அளப்பதற்கு (ஆங்கிலத்தில் high-throughput) ‘உயர்திறன்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். திறனா கூடுகிறது? எண்ணிக்கைதானே. ‘திரள் பண்பளவை’ என்பது என் பரிந்துரை.

மிச்சம் இருக்கும் சொல் லைசிமீட்டர். நீளமான குழாயில் மண் நிரப்பி, செடி வளர்த்து, குழாயோடு எடை பார்க்கும் அமைப்பு. ‘நீர்மானி’ என்று எழுதினால் இங்கே வீட்டுத் தண்ணீர் மீட்டரைத்தான் நினைப்பார்கள். ‘எடைக்குழாய்’ ஒப்புமா? வெள்ளிக்கிழமை பலகை அச்சுக்குப் போகிறது.