அப்பாவுக்கு டிவியில் பேசுவது விளங்கவில்லை, கையில் 2,000 ரூபாய்: எதை வாங்குவது?

தங்கச்சிமடத்துப் பொண்ணு:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு தங்கச்சிமடத்தில், கடலுக்குக் கூப்பிடு தூரம். வாடைக்காற்று தொடங்கிவிட்டால் சன்னல் கம்பியைத் தொட்டாலே கையில் உப்பு ஒட்டும். அப்பா முப்பத்திரண்டு வருடம் விசைப்படகில் டிரைவராக இருந்தவர். இப்போது கடலுக்குப் போவதில்லை. முன்னறையில் கட்டில் போட்டு டிவி பார்ப்பதுதான் அவருக்குப் பொழுது.

பிரச்சினை காது. இஞ்சின் பக்கத்திலேயே இருந்து இருந்து மந்தமாகிவிட்டது. ஆனால் முழுச் செவிடு இல்லை. "சத்தம் வருது தாயி, என்ன சொல்றான்னுதான் விளங்கல" என்பார். அதனால் டிவியை 60, 70 வரை ஏற்றிவிடுகிறார். பக்கத்து வீட்டில் பத்தாம் வகுப்பு படிக்கிற பிள்ளை இருக்கிறது. அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

டிவி 32 இன்ச். ஸ்பீக்கர் பின்பக்கம் சுவரைப் பார்த்து இருக்கிறது. ஹெட்போன் துளை கிடையாது. ஆப்டிகல் என்று ஒரு சின்னச் சதுரத் துளையும் இரண்டு எச்டிஎம்ஐயும் உண்டு. அண்ணன் விட்டுப்போன பழைய 2.1 ஹோம் தியேட்டர் ஒன்று இருக்கிறது: ஒரு ஊஃபர் பெட்டி, இரண்டு சின்ன ஸ்பீக்கர். அதன் பின்னால் சிவப்பு, வெள்ளைத் துளை மட்டும்தான். முன்பு அதை செட்டாப் பாக்ஸோடு இணைத்திருந்தோம். அதற்கு 150 ரூபாய்க்குத் தங்க நிறப் பின் வைத்த ஒயர் வாங்கினேன். ஆறே மாதத்தில் ஒரு பக்கச் சத்தம் நின்றுவிட்டது. பின்னை உருவிப் பார்த்தால் தங்கம் உரிந்து, ஓரம் முழுக்கப் பச்சைக் களிம்பு. துணியால் துடைத்தேன், துணியில் பச்சைக் கோடாக வந்தது. இரண்டு நாள் பேசியது, திரும்ப நின்றுவிட்டது. டிவி மாட்டின ஸ்டாண்டின் ஸ்க்ரூவும் துருப்பிடித்து, சுவரில் காவி நிறத்தில் வடிந்திருக்கிறது.

ஒரு கடையில் கேட்டால் 6,000 ரூபாய்க்கு சவுண்ட்பார் வாங்கச் சொல்கிறார்கள். இன்னொரு கடையில், 1,800 ரூபாய் எச்டிஎம்ஐ கேபிள் போட்டால் குரல் தெளிவாக வரும் என்கிறார்கள். என்னால் முடிந்தது 2,000 ரூபாய். உண்மையிலேயே எது தேவை, எது தேவையில்லை? இந்த உப்புக்காற்றில் எது தாங்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கீழக்கரைக்காரன்:

சகோதரி, அந்த 1,800 ரூபாய் கேபிளை மறந்துவிடுங்கள். நான் பதினொரு வருடம் வளைகுடாவில் ஒரு ஷோரூமில் டிவி பிரிவில் நின்றவன். எச்டிஎம்ஐயில் போவது டிஜிட்டல். வந்தால் ஒழுங்காக வரும். கேபிள் கெட்டுப்போனால் புள்ளி புள்ளியாக மின்னும், விட்டு விட்டு வரும், இல்லை மொத்தமாக நின்றுவிடும். 200 ரூபாய் கேபிளில் மங்கலாக வந்த குரல் 1,800 ரூபாய் கேபிளில் துலங்குவது என்பது கிடையாது. அதோடு உங்கள் ஹோம் தியேட்டரில் எச்டிஎம்ஐ துளையே இல்லை, எங்கே சொருகுவது?

என் யோசனை புளூடூத் ஹெட்போன். 700, 800 ரூபாயில் கிடைக்கும். டிவியில் புளூடூத் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்பா மட்டும் கேட்டுக்கொள்வார், பக்கத்து வீட்டுக்கும் தொந்தரவு இல்லை.

மண்டபம் ரிப்பேர் கடை:

தங்கச்சி, உங்க பதிவைப் படித்ததும் என் அய்யா நினைப்பு வந்தது. அவரும் படகுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இருபது வருடமாக மண்டபத்தில் டிவி, ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர் பார்க்கிறேன்.

கீழக்கரை அண்ணன் எச்டிஎம்ஐ பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஹெட்போன் விஷயத்தில் மட்டும் எனக்கு வேறு கருத்து. புளூடூத்தில் சத்தம் கொஞ்சம் பிந்தி வரும். காது மந்தமானவர்கள் பாதியை வாயசைவைப் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறார்கள். வாய் முந்தி, சத்தம் பிந்தினால் அவர்களுக்கு உள்ளதும் போகும். அப்புறம் தினம் சார்ஜ் போடணும். அதை விட முக்கியம், காதில் ஒன்றை மாட்டிவிட்டால் நீங்கள் கூப்பிடுவது அவருக்குக் கேட்காது. தனியாகிப் போவார்.

இப்போது உங்க அப்பா சொன்ன வார்த்தைக்கு வருகிறேன். "சத்தம் வருது, விளங்கல." டாக்டர் மாதிரிச் சொல்லியிருக்கிறார். வருடக்கணக்கில் இஞ்சின் இரைச்சலில் இருந்தால் முதலில் அடிபடுவது கீச்சுச் சத்தம் கேட்கிற பகுதி, 4,000 ஹெர்ட்ஸ் பக்கம். அ, ஆ, ஓ எல்லாம் கனத்த சத்தம், அது கேட்கும். ச, த, ட, ப மாதிரி எழுத்தைப் பிரித்துக் காட்டுகிற மெல்லிய சத்தம் விழாது. அதனால் 'பட்டி'யும் 'சட்டி'யும் ஒன்றாகத்தான் விழும். வால்யூமை ஏற்றினால் கனத்த சத்தம்தான் மேலும் கனக்கும். நீங்கள் பழைய ஹோம் தியேட்டரை அப்படியே மாட்டி ஊஃபரை அதிர விட்டாலும் இதே கதைதான், இன்னும் மோசம். சவுண்ட்பாரும் டிவிக்குக் கீழே, அதே தூரத்தில்தான் இருக்கப்போகிறது. அதற்கு 6,000 ரூபாய் வேண்டாம்.

செய்ய வேண்டியது வேறு. அந்த இரண்டு சின்ன ஸ்பீக்கரில் ஒன்றை அப்பாவின் கட்டில் தலைமாட்டுக்குக் கொண்டுபோங்கள். கனத்த சத்தத்துக்கான பாஸ் திருகை அடியோடு குறைத்து, கீச்சுச் சத்தத்துக்கான ட்ரெபிளை ஏற்றுங்கள். தூரம் பாதியானால் சத்தம் 6 டெசிபல் கூடும். 4 மீட்டரில் இருக்கும் ஸ்பீக்கர் 1 மீட்டருக்கு வந்தால் 12 டெசிபல். அதே அளவு ஆம்ப்ளிஃபையரில் கூட்ட வேண்டுமென்றால் 16 மடங்கு பவர் வேண்டும். இங்கே ஒயர் செலவு மட்டும்தான். வசனம் பெரும்பாலும் இரண்டு ஸ்பீக்கரிலும் சமமாக வரும், அதனால் ஒன்று மட்டும் பக்கத்தில் இருந்தாலும் பேச்சு எதுவும் விடுபடாது.

அந்த ஒயரில்தான் ஏமாற்றுவார்கள். செட்டோடு வரும் ஒயர் தலைமுடி மாதிரி இருக்கும். அதை 8 மீட்டர் இழுத்தால், போய்வர 16 மீட்டர், 4 ஓம் ஸ்பீக்கரில் கால்வாசி பவர் ஒயரிலேயே போய்விடும். ஸ்பீக்கர் ஒயர் என்று பளபளப்பாக விற்பதைத் தேட வேண்டாம். எலக்ட்ரிக்கல் கடையில் 1.5 ஸ்கொயர் எம்எம் ஃப்ளெக்சிபிள் செப்பு ஒயர், இரட்டைக் கோர் (ஒரே உறைக்குள் இரண்டு ஒயர்) கேளுங்கள். வாங்கும் முன் ஒரு இழையைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம், மேலே செப்புப் பூச்சு. கையில் எடுத்தாலே கனம் இருக்காது. மதுரையில் அது கொஞ்ச நாள் ஓடும். நம் ஊரில் உப்பு ஈரம் பட்டதும் செப்பும் அலுமினியமும் சேர்கிற இடத்தில் அரித்து, ஒரு மழைக்காலத்தில் முனை பொடியாக உதிரும். நானே எத்தனையோ வெட்டிப் போட்டிருக்கிறேன். நல்ல செப்பு வாங்கி, முனையை முறுக்கி ஈயம் பூசிவிடுங்கள். பக்கத்தில் எந்த ரிப்பேர் கடையிலும் ஐந்து நிமிட வேலை.

இங்கே கெடுவது ஒயர் இல்லை தங்கச்சி, ஒயரின் முனை. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே உப்புக்காற்று தின்று, 2022 டிசம்பரோடு ரயிலை நிறுத்த வைத்தது. உங்க சிவப்பு, வெள்ளைத் துளையில் சொருகுகிற ஆர்சிஏ பின் எம்மாத்திரம்? அந்தத் தங்கப் பூச்சு வெங்காயத் தோலை விட மெல்லிசு. அதனால் உலோகம் உலோகத்தைத் தொடுகிற இடம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. உங்க டிவியில் ஆப்டிகல் துளை இருப்பது பெரிய வசதி. அந்த ஒயரில் போவது வெளிச்சம், சிவப்பாகத் தெரியும். துருப்பிடிக்க அதில் ஒன்றும் இல்லை. டிவியில் இருந்து ஆப்டிகல் கேபிள் 1.5 மீட்டர், அதன் மறுமுனையில் ஆப்டிகலை ஆர்சிஏ ஆக்குகிற ஒரு சின்ன கன்வெர்ட்டர் பெட்டி, அங்கிருந்து அரை மீட்டர் ஆர்சிஏ ஒயர் ஹோம் தியேட்டருக்கு. கன்வெர்ட்டருக்கு 5 வோல்ட் போதும். டிவியின் யுஎஸ்பி துளையில் சொருகினால் டிவியோடு எரிந்து டிவியோடு அணையும்.

ஆர்சிஏ பின்னை மட்டும் பென்சில் ரப்பரால் தேய்த்து, சொருகிய பிறகு வெளிப்பக்கம் சுற்றி வாசலினை லேசாகத் தடவுங்கள். காற்று உள்ளே போகாது. மாதம் ஒருமுறை பின்னைச் சொருகின இடத்திலேயே இரண்டு சுற்றுச் சுற்றிவிடுங்கள், ஓரத்துக் களிம்பு தேய்ந்து போகும். எச்டிஎம்ஐ துளைக்குள் வாசலின் எதுவும் வைத்துவிடாதீர்கள்.

ஸ்டாண்ட் ஸ்க்ரூவை இந்த வாரமே மாற்றுங்கள். சுவரில் காவி வடிகிறதென்றால் உள்ளே பாதி போயிருக்கும். டிவி தலையில் விழுந்தால் யார் பொறுப்பு? எஸ்எஸ் 304 (துருப்பிடிக்காத எஃகு) ஸ்க்ரூ போதும், 316 கிடைத்தால் இன்னும் நல்லது, படகுச் சாமான் கடையில் கேளுங்கள். பூச்சு உதிர்கிற சுவர் என்றால் பழைய துளையிலேயே மாட்டாமல் ஒரு சாண் தள்ளிப் புதுத் துளை போடச் சொல்லுங்கள்.

கரண்ட் திடீரென எகிறினால் டிவியைக் காக்கிற ஒரு நல்ல ஸ்பைக் கார்டும் வாங்கிக்கொள்ளுங்கள், ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் இடி இடிக்கிறபோது அதை நம்பி உட்காராதீர்கள். பிளக்கைப் பிடுங்கி, டிஷ் ஒயரையும் கழற்றிவிடுவதுதான் வழி. மழைக்குப் பிறகு என் கடைக்கு வருகிற டிவிகளில் பாதி டிஷ் ஒயர் வழியாக அடி வாங்கினவை.

தொண்டி பழைய ஆள்:

மண்டபம் தம்பி முனையைப் பற்றிச் சொன்னது எனக்கு எண்பதுகளை ஞாபகப்படுத்தியது. 1982-இல் இலங்கையில் ரூபவாகினி டிவி தொடங்கியதும், எங்கள் கரையில் வசதி உள்ள வீடுகளில் தென்னை உயரத்துக்குக் குழாய் நட்டு ஆன்டெனா கட்டினோம். படம் புள்ளியாகப் போனால் எல்லோரும் குழாயைத் திருப்புவார்கள். எங்கள் அண்ணன் மட்டும் மேலே ஏறி, ஒயர் சேர்கிற இரண்டு திருகாணியைக் கழற்றி, உப்புக்காகிதத்தால் தேய்த்து, கிரீஸ் தடவிவிட்டு இறங்குவார். படம் பளிச்சென்று நிற்கும். உங்க டிஷ் ஒயரின் முனையையும் ஒருமுறை கழற்றிப் பாரும்மா. நடுச் செப்புக் கம்பி கறுத்திருந்தால் ஒரு அங்குலம் வெட்டிப் புதுசாக முடியச் சொல். ஒயர் டிஷ்ஷில் இருந்து நேராக வீட்டுக்குள் இறங்கக் கூடாது. நுழைகிற இடத்துக்குக் கீழே தொங்கி வளைந்து மேலேறணும். அப்போதுதான் மழைத்தண்ணி வளைவிலேயே சொட்டிவிடும்.

தங்கச்சிமடத்துப் பொண்ணு:

ரொம்ப நன்றி, எல்லோருக்கும். சனிக்கிழமை ராமநாதபுரம் போய் வாங்கிவந்தேன். கன்வெர்ட்டர் 550, ஆப்டிகல் கேபிள் 180, ஆர்சிஏ 120, செப்பு ஒயர் 8 மீட்டர் 440, ஸ்பைக் கார்டு 450, எஸ்எஸ் ஸ்க்ரூவும் அதற்குச் சுவரில் வைக்கிற பிளக்கும் 80. மொத்தம் 1,820. முதல் கடையில் கொடுத்த ஒயரைப் பிளேடால் சுரண்டினேன், வெள்ளையாக இருந்தது. வேண்டாம் என்று வந்துவிட்டேன். இரண்டாவது கடையில் முழுச் செப்பு.

ஆனால் எல்லாம் மாட்டியும் சத்தம் வரவில்லை. கன்வெர்ட்டரில் விளக்கு எரிகிறது. டிவி செட்டிங்கில் ஆப்டிகல் தேர்ந்தெடுத்துவிட்டேன். என்ன தப்பு செய்கிறேன் என்று தெரியவில்லை.

மண்டபம் ரிப்பேர் கடை:

இரண்டு இடம் பாருங்க. ஆப்டிகல் கேபிளின் இரண்டு முனையிலும் கண்ணாடி மாதிரி குட்டி பிளாஸ்டிக் மூடி இருக்கும், அதை உருவினீர்களா? உருவிய பிறகு டிவியை ஓட விட்டால் மறுமுனையில் சிவப்பு வெளிச்சம் தெரியணும். கேபிளை மடக்கி ஒடித்துவிடாதீர்கள், அகலமாக வளையட்டும். அடுத்தது, சவுண்டு செட்டிங்கில் டிஜிட்டல் ஆடியோ என்ற இடத்தில் 'ஆட்டோ' என்றோ 'டால்பி' என்றோ இருந்தால் 'பிசிஎம்' (சுருக்காத சாதாரண டிஜிட்டல் சத்தம்) என்று மாற்றுங்கள். அந்தச் சின்னப் பெட்டிக்கு டால்பி புரியாது.

தங்கச்சிமடத்துப் பொண்ணு:

வந்துவிட்டது! ஒரு முனையில் மூடி அப்படியே இருந்தது. பிசிஎம்மும் மாற்றினேன்.

டிவி ரிமோட்டில் சத்தம் கூடக் குறைய மாட்டேன் என்கிறது, ஹோம் தியேட்டர் திருகில்தான் வைக்க முடிகிறது. பரவாயில்லை, அப்பாவுக்கு ஏற்ற அளவில் வைத்து, திருகில் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்துவிட்டேன். ஸ்பீக்கரைத் தலைமாட்டில் பழைய மீன் பெட்டியைக் கவிழ்த்து அதன் மேல் வைத்திருக்கிறேன், அவர் காதில் இருந்து இரண்டு முழம். பாஸ் முழுக்கக் குறைத்தாகிவிட்டது. எனக்குக் கேட்க ஒரு மாதிரிக் கீச்சென்று இருக்கிறது, ஆனால் அவருக்கு அதுதான் சரி. வானிலை சொன்னபோது "வடகடல்ல காத்து நாப்பத்தஞ்சு கிலோமீட்டராம், தம்பிகளைப் போக வேண்டாம்னு சொல்லு" என்று திருப்பிச் சொன்னார். ஒரு வார்த்தை விடாமல். நான் அடுப்படியில் இருந்தேன், எனக்கே அந்தச் சத்தம் சரியாகக் கேட்கவில்லை.

கீழக்கரைக்காரன்:

அல்ஹம்துலில்லாஹ். மனசு நிறைஞ்சது சகோதரி. ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் காது பரிசோதனையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், அப்பாவை அழைத்துப் போய்.

தங்கச்சிமடத்துப் பொண்ணு:

அடுத்த வாரம் போகிறோம் நானா. ஸ்டாண்ட் ஸ்க்ரூவும் இன்று மாற்றியாகிவிட்டது. பழையதைத் திருகும்போதே ஒன்று பாதியில் முறிந்து கையோடு வந்துவிட்டது.