குடும்ப குரூப்ல லோஃபர் பஞ்சாயத்து

அத்தை: எங்க வீட்டு லோஃபர் இப்பதான் எந்திரிச்சு வருது, மணி பத்தரை 😡

மச்சான்: அம்மா குரூப்ல போடாத ப்ளீஸ்

பெரியப்பா: ஏம்மா பெத்த புள்ளைய போயி லோஃபர்ங்குற. இங்கிலீஷ்ல அது சும்மா சுத்தி பொழுத ஓட்டுறவன்தான், 1830கள்ல அமெரிக்காவுல கெளம்புன வார்த்தை. நம்மூர்லதான் பொறுக்கி ரேஞ்சுக்கு ஏறிப்போச்சு, பஸ் ஸ்டாண்டுல பொம்பளப் புள்ளைங்கள வம்பிழுக்கிறவன அப்படித்தான திட்டுறோம்

அத்தை: சரி லேசின்னு வச்சுக்குங்க அண்ணே

பெரியப்பா: அதுவும் ஒட்டாதும்மா. வேலை கண்ணு முன்னாடி கெடந்தும் உடம்பு வளையாதவன்தான் லேசி, அது குணம். இவன் ஆஃபர் லெட்டர் வந்தும் ஜாயினிங் டேட் வராம உக்காந்திருக்கான், இது ஐடில். ஃபேக்டரிய மூடிட்டா மெஷினும் ஐடில் ஆளும் ஐடில், அவன என்னன்னு குத்தம் சொல்றது. ஆனா ஐடில் ஃபெல்லோன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னா அது திட்டுதான்

மச்சான்: பெரிய மாமா நீங்க தெய்வம் 🙏

சித்தப்பா: அண்ணே எங்க ஆபீஸ்ல ஒருத்தன் பேக வச்சிட்டு டீக்கடைக்குப் போனா லஞ்சுக்குத்தான் வர்றான் மேனேஜர் தல தெரிஞ்சா மட்டும் கீபோர்ட தட்டுறான் அவன் எதுல சேத்தி

பெரியப்பா: அவன் ஸ்லாக்கர். ஓபி அடிக்கிறவன். வேலைன்னு ஒண்ணு இருந்தாத்தான ஓபி அடிக்க முடியும். முதல் உலகப்போர் சமயத்துல பட்டாளத்துக்குப் போகாம நழுவுறவன அமெரிக்காவுல அப்படித்தான் ஏசுனாங்க, 1918ல நியூயார்க்ல ரோட்டுல போற வாலிபப் பசங்கள நிப்பாட்டி பட்டாளத்துக்குப் பதிஞ்ச கார்டு எங்கடான்னு கேட்டு இல்லாதவன அள்ளிட்டுப் போனாங்க, ஸ்லாக்கர் ரெய்டுன்னே பேரு

சித்தப்பா: இங்க அள்ளுறதுக்கு ஆளில்லையே 😂

நான்: ஃப்ரீலோடர் யாரு பெரியப்பா

பெரியப்பா: ஓசில ஓட்டுறவன். அவன் சோம்பேறியா இருக்கணும்னு இல்ல, சில பேரு அதுக்கே நாயா ஓடுவான்

அத்தை: தண்டச்சோறுக்கு ஒண்ணு சொல்லுங்க, எனக்கு அதுதான் வேணும்

பெரியப்பா: பிரிட்டிஷ்காரன் லேஅபவுட்ம்பான், வேலைக்குப் போற நெனப்பே இல்லாம சோபாவ தேய்க்கிறவன்

மச்சான்: நான் ஐடில்மா. மாமாவே சர்டிஃபிகேட் குடுத்துட்டாரு

அத்தை: அப்ப ரேஷன் கடைக்குப் போ, பாமாயில் போடுறானாம், கார்டு டிவி மேல இருக்கு

மச்சான்: வெயிலு கொஞ்சம் எறங்கட்டும்மா

பெரியப்பா: மாப்ள, சர்டிஃபிகேட்ட வாபஸ் வாங்குறேன்