'தி ஃபேமிலி மேன்' முதல் சீசன்: பார்த்தவர்கள் சொல்லுங்கள்

பழங்காநத்தம்
2019 செப்டம்பர் 20-இல் அமேசான் பிரைமில் வந்த இந்தி உளவுத் தொடரின் முதல் சீசனை மட்டும் பேசுவோம். ராஜ் - டி.கே. உருவாக்கியது, மொத்தம் 10 பகுதி. இன்னும் பார்க்காதவர்கள் இத்தோடு நின்றுகொள்ளுங்கள், கீழே கதை முழுக்க உடைபடும்.

என் கணக்கில் பெரிய பலம் வீட்டுக் காட்சிகள். உளவுத் தொடர்களில் மனைவி, பிள்ளை என்று வந்தாலே கதை படுத்துவிடும். இங்கே அப்படி ஆகவில்லை. நாயகனான உளவு அதிகாரி ஸ்ரீகாந்த் திவாரி ஆபீசில் செய்வதும் மும்பை செம்பூர் பிளாட்டில் செய்வதும் ஒரே வித்தைதான்: அரை உண்மையைச் சொல்லி நேரம் வாங்குவது. அங்கே அது பலிக்கிறது, இங்கே பத்து வயதுப் பையன்கூட நம்புவதில்லை. சிரிப்பு அதிலிருந்துதான் வருகிறது, தனியாக ஜோக் எழுதி ஒட்டவில்லை. ஸ்ரீகாந்தாக வரும் மனோஜ் பாஜ்பாய் குரலை உயர்த்தாமலே இதைச் செய்கிறார். சக அதிகாரி ஜே.கே.யாக வரும் ஷாரிப் ஹாஷ்மி இல்லையென்றால் பாதி காட்சி வெறும் தகவல் ஒப்பித்தலாகப் போயிருக்கும். கதைக்குத் தேவையான விவரம் அத்தனையும் அந்த இருவரின் வாய்ச்சண்டைக்குள் ஒளித்துவைக்கப்பட்டிருக்கிறது.

ஒத்தக்கடை
நம்ம ஊர்க்காரங்களுக்கு இதுல ரெண்டு தெரிஞ்ச முகம்ணே. 'ஆடுகளம்' துரையா வந்த கிஷோர்தான் இம்ரான் பாஷா. 'பருத்திவீரன்' முத்தழகா வந்த பிரியாமணிதான் ஸ்ரீகாந்த் பொண்டாட்டி சுசித்ரா. கிஷோருக்கு வசனம் கம்மி, நிக்கிற நிப்புலயே கமாண்டோன்னு தெரியுது.

சுசித்ரா விஷயத்துலதான் எழுத்து நொண்டுது. காலேஜ் வேலையை விட்டுட்டு ஸ்டார்ட்டப்புக்குப் போறா. அது அவ வாழ்க்கையில பெரிய முடிவு. ஆனா அவ ஏன் போறான்னு காட்டுற காட்சியைவிட, கூட வேலை பார்க்குற அர்விந்தோட அவ எவ்வளவு நெருக்கமா இருக்கான்னு மோப்பம் பிடிக்கிற காட்சிதான் அதிகம். அவங்க ரெண்டு பேரும் லோனாவ்லா போனப்ப என்ன நடந்துச்சுன்னு சொல்லாம விட்டதை நுட்பம்னு சிலர் சொல்றாக. எனக்கு அது அடுத்த சீசனுக்கு முடிஞ்சு வச்ச முடிச்சு. புருஷன் பத்து வருசமா சொல்ற பொய்க்குப் பின்னணி இசை கேலியா வருது, அவ மறைக்கிற ஒண்ணுக்கு மட்டும் கனமா வருது. அடுத்த தடவை பார்க்கையில காதை மட்டும் குடுத்துக் கேளுங்க, புரியும்.

திருமங்கலம்
6-ஆம் பகுதி ஆஸ்பத்திரிக் காட்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்து நிமிடத்தைத் தாண்டி ஒரே ஷாட்டாக ஓடுகிறது. இந்த மாதிரி ஷாட்டில் கஷ்டம் எங்கே என்று தெரிந்தால் ரசனை கூடும்.

கேமரா எல்லாப் பக்கமும் திரும்புவதால் லைட் ஸ்டாண்ட் எதையும் தரையில் நிறுத்த முடியாது. வெளிச்சம் கூரையின் டியூப்லைட்டிலிருந்தும் ஜன்னலிலிருந்தும்தான் வர வேண்டும். நீளக் கழியில் பிடிக்கும் பூம் மைக்கும் உள்ளே வராது, சட்டைக்குள் மைக் ஒளித்து, மிச்சத்தை டப்பிங்கில் சரி செய்வார்கள். துப்பாக்கிக் காயத்துக்கான ரத்தப் பை ஒன்று வெடிக்காமல் போனால் சுவரைத் துடைத்து, சட்டை மாற்றி, முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால்தான் ஒரே ஷாட் என்று சொல்லப்படும் காட்சிகளில் பொதுவாக ஒட்டு போடும் இடம் ஒன்றிரண்டு வைத்துக்கொள்வார்கள்: இருட்டான வாசல், ஒருவர் முதுகு திரையை மூடும் நொடி, வேகமாகத் திரும்பும் கேமரா. இதில் எங்கே என்று தேடிப் பாருங்கள்.

வித்தை காட்டியதற்காக நான் இதைப் பாராட்டவில்லை. வெட்டு இல்லாததால் எந்த மாடியில் யார், படிக்கட்டு எந்தப் பக்கம் என்ற கணக்கு பார்ப்பவருக்கும் கூடவே வருகிறது. பிடிபட்ட தீவிரவாதி மூசா எந்தக் கட்டிலில் கிடக்கிறான் என்பது தெரிந்திருக்கும்போதுதான், அம்மாவை நினைத்து உருகிய அந்தப் பையன் யார் என்ற உண்மை இடியாக இறங்குகிறது. மூசாவாக வரும் நீரஜ் மாதவ் அதுவரை கண்ணில் ஒரு சிறு கீற்றுகூடக் காட்டிக்கொடுக்கவில்லை.

தெற்கு மாசி வீதி
பின்தொடர்தல் காட்சிகள் சுமார்தான். முறைப்படி மூன்று பேர் வேண்டும்: ஒருவர் இலக்குக்கு நேர் பின்னால், இரண்டாமவர் அவருக்குப் பின்னால், மூன்றாமவர் எதிர்ச்சாரியில். இலக்கு திரும்பினால் முதலாமவர் நேரே போய்விட வேண்டும், எதிர்ச்சாரிக்காரர் அவர் இடத்துக்கு வருவார். ஒரே முகம் இரண்டு திருப்பத்தில் தென்பட்டால் கதை முடிந்தது. சந்தேகத்துக்குள்ளான மாணவன் கரீமைக் கண்காணிக்கும் இடங்களில் இந்த மாற்றல் தெளிவாகத் தெரியவில்லை. ஜன நெருக்கடியை நம்பி ஓட்டிவிட்டார்கள்.

பின்னால் ஆள் வருகிறதா என்று பார்க்க, ஒரே பக்கமாக நாலு தடவை திரும்பிப் புறப்பட்ட இடத்துக்கே வருவார்கள். காரணமில்லாமல் யாரும் அப்படி நடக்க மாட்டார்கள் என்பதுதான் அதன் தர்க்கம். நம் மதுரைச் சித்திரை வீதியில் அது செல்லாது. கோயிலைச் சுற்றுகிற அத்தனை பேரும் அதைத்தானே செய்கிறார்கள்!

மேலூர்
சட்டப்படி பார்த்தால் ஸ்ரீகாந்த் வேலை பார்க்கும் டாஸ்க் என்ற அமைப்பே கற்பனை. தேசியப் புலனாய்வு முகமையான என்.ஐ.ஏ.வுக்குள் ஒரு பிரிவு என்று காட்டுகிறார்கள். என்.ஐ.ஏ. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு அதே ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்தது. வழக்குப் பதியலாம், கைது செய்யலாம். உள்நாட்டு உளவுத்துறையான ஐ.பி.க்குக் கைது அதிகாரமே கிடையாது, தகவல் திரட்டுவதோடு சரி. ரா என்ற உளவுத்துறைக்கு வெளிநாட்டு வேலை. தொடரில் இந்த மூன்றையும் ஒரே ஆபீஸ் பார்க்கிறது. வேகத்துக்கு அது வசதி, ஆனால் நிஜத்தில் பாதி நாடகமே இந்தத் துறைகளுக்குள் நடக்கும் இழுபறியில்தான் இருக்கிறது. அதை விட்டுவிட்டார்கள்.

போன் ஒட்டுக்கேட்பும் அப்படித்தான். 2019-இல் நடப்பிலிருந்த தந்திச் சட்ட விதி 419ஏ-படி மத்திய ஏஜென்சிக்கு உள்துறைச் செயலர் உத்தரவு வேண்டும். ஒரு உத்தரவு 60 நாள்தான், நீட்டித்தாலும் 180 நாளைத் தாண்டக் கூடாது. அவசரமென்றால் முதலில் கேட்டுவிட்டு 7 வேலை நாளுக்குள் ஒப்புதல் வாங்கலாம். அந்த 7 நாளை ஒரு பகுதியின் கெடுவாக வைத்திருந்தால் எவ்வளவு பதற்றம் கிடைத்திருக்கும்!

அதே நேரம், கரீம் விவகாரத்துக்கு முழு மதிப்பெண். ஏஜென்சி தவறான ஆளைச் சுட்டுவிட்டு அதை மூடி மறைக்கிறது. நாயகனும் அதில் பங்காளி. நம் தேசபக்திக் கதைகளில் இதைத் தொடவே பயப்படுவார்கள்.

திருநகர்
ஸ்ரீநகர் போனதும் வேகம் குறைகிறது என்பவர்களோடு பாதி ஒத்துப்போகிறேன். 7-ஆம் பகுதி மந்தம். ஆனால் குல் பனாக் வரும் காட்சிகளை வெட்டினால் காஷ்மீர் வெறும் பின்னணிப் படமாகிவிடும்.

வில்லாபுரம்
முடிவுதான் மோசம். டெல்லி ரசாயனத் தொழிற்சாலையில் வாயுவைக் கசியவிடுவது தீவிரவாதிகளின் திட்டம். நிஜத்தில் நடந்ததைப் பாருங்கள். 1984 டிசம்பரில் போபாலில் 610-ஆம் எண் தொட்டியில் ஏறக்குறைய 40 டன் மீதைல் ஐசோசயனேட் இருந்தது. தண்ணீர் உள்ளே புகுந்தது மட்டும் காரணமில்லை. குளிரூட்டும் அமைப்பு நிறுத்தப்பட்டிருந்தது, வாயுவைக் கழுவும் கோபுரமும் எரிக்கும் குழாயும் உதவவில்லை. அடுக்கடுக்கான பாதுகாப்பு ஒரே இரவில் தோற்றது. தொடரில் இந்த அடுக்குகள் எவை, ஒவ்வொன்றாக எப்படி விழுகின்றன என்று பார்ப்பவருக்குப் புரியவைத்திருந்தால் பத்தாம் பகுதி நெஞ்சைப் பிசைந்திருக்கும். இப்போது ஓட்டமும் மூச்சிரைப்பும்தான் மிச்சம். டாஸ்க் அதிகாரிகள் ஜோயாவும் மிலிந்தும் உள்ளே மாட்டியிருக்க, அப்படியே திரை இருண்டுவிடுகிறது. 2021 ஜூனில் வந்த அடுத்த சீசனில் அதை முன்கதையாகச் சொல்லி முடித்தார்கள்.

பழங்காநத்தம்
அதை ஒத்துக்கிறேன். கடைசிப் பகுதியை இன்னும் ஒரு இருபது நிமிடம் நீட்டி முடித்திருக்கலாம்.

பைபாஸ் ரோடு
புதுசாகப் பார்க்கிறவர்களுக்கு. தமிழ் டப்பிங்கைவிட இந்தி மூலத்தையும் சப்டைட்டிலையும் வைத்துக்கொள்ளுங்கள். ஜே.கே.யின் மராத்தி வாடை, மூசாவின் மலையாளம், காஷ்மீர்க்காரர்களின் பேச்சு எல்லாம் டப்பிங்கில் ஒரே தமிழாகிவிடும். யார் எந்த ஊர் என்பதே கதையில் ஒரு துப்பு.

டிவி ஸ்பீக்கரில் பேச்சு மெல்லியதாகவும் வெடிச் சத்தம் காதைக் கிழிப்பதாகவும் இருந்தால், 5.1 ஒலியை இரண்டு ஸ்பீக்கருக்குள் டிவி சரியாகச் சுருக்கவில்லை என்று அர்த்தம். ஒலி அமைப்பில் டால்பியை எடுத்துவிட்டு பி.சி.எம். அல்லது ஸ்டீரியோ வையுங்கள். டிவி தானாக இடைப் படங்களைச் சேர்த்து அசைவை வழுவழுப்பாக்கும் 'மோஷன் ஸ்மூத்திங்' இருந்தால் அணையுங்கள். அது இருந்தால் ஆஸ்பத்திரி ஷாட் மெகா சீரியல் மாதிரி வழவழவென்று தெரியும். 5-ஐயும் 6-ஐயும் ஒரே மூச்சில் பாருங்கள். ஆட்டோபிளேயையும் நிறுத்தி வையுங்கள், இல்லாவிட்டால் பத்தாவது முடிந்த கையோடு ரெண்டாவது சீசன் தானாக ஆரம்பித்துவிடும்.