சபைக்கு 501(சி)(3) வாங்க வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்

தேரிமணல்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். அமெரிக்கா வந்து எட்டு மாதம் ஆகிறது. முப்பது குடும்பம் சேர்ந்து ஒரு பள்ளிக்கூட ஹாலை வாடகைக்கு எடுத்து, ஞாயிறு மாலை தமிழ் ஆராதனை நடத்துகிறோம். எனக்கு எக்செல் தெரியும் என்று ஒரு நாள் வாயைத் திறந்தேன், பொருளாளர் ஆக்கிவிட்டார்கள். காணிக்கை எல்லாம் என் சொந்தக் கணக்குக்கு ஸெல் என்ற பணம் அனுப்பும் செயலியில் வருகிறது. போன வாரம் வங்கி கணக்கை முடக்கிவிட்டது. நேரில் போனேன். அங்கிருந்தவர் திரையை என் பக்கம் திருப்பினார். 'தசமபாகம்', 'ஸ்தோத்திர காணிக்கை', 'பாப்பா பிறந்தநாள்' என்று நாற்பது வரவு. "இது என்ன வியாபாரம்?" என்று கேட்டார். வாடகைச் செக்கும் திரும்பிவிட்டது. செயற்குழுவில் பாதிப் பேர் 501(சி)(3), அதாவது தொண்டு அமைப்புக்கான மத்திய அரசின் வரிவிலக்குக் கடிதம், எடு என்கிறார்கள், மீதிப் பேர் எடுத்தால் அரசாங்கம் சபைக்குள் வந்துவிடும் என்கிறார்கள். எடுக்கலாமா, வேண்டாமா? ஞாயிறு கூட்டத்தில் நான்தான் பேச வேண்டும்.

பழைய கோட்டு:
தம்பி, பொருளாளர் பதவியை ஒத்துக்கொண்டதே முதல் தப்பு. நான் 2008-இல் டெட்ராய்ட் பக்கம் வந்து இறங்கினேன். ஜனவரி மாதம். கோட்டு இல்லை, கார் இல்லை, வந்த மூன்றாம் மாதம் புராஜெக்டும் இல்லை. அந்த நிலையில் என்னை ஒரு சங்கத்துக்குக் கணக்குப் பார்க்கச் சொன்னார்கள். பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு கையுறையைக் கழற்றிக் கழற்றிச் சில்லறை எண்ணியிருக்கிறேன். வருடக் கடைசியில் பதினேழு டாலர் குறைந்ததற்கு இரண்டு மணி நேரம் கூட்டம் போட்டார்கள். முதல் வருடம் வேலையை மட்டும் பாருங்கள்.

ஹூஸ்டன் அக்கா:
கட்டாயம் எடுங்கள் தம்பி. அந்தக் கடிதம் இல்லாவிட்டால் காணிக்கை கொடுக்கிறவர்களுக்கு வரிக்கழிவே கிடையாது. எங்கள் சபையில் இதற்காகவே நாலு குடும்பம் வேறு சபைக்குப் போய்விட்டது.

கணக்குப்பிள்ளை:
அக்கா, அது சரியில்லை. வரிச் சட்டம் 508-ஆம் பிரிவில் சபைகளுக்கு விலக்கு இருக்கிறது. மற்ற தொண்டு நிறுவனங்கள் விண்ணப்பித்து அங்கீகாரம் வாங்க வேண்டும். சபை வாங்க வேண்டியதில்லை. 501(சி)(3)-இன் நிபந்தனைகளுக்கு உட்பட்டு நடந்தால், விண்ணப்பிக்காமலேயே அந்தத் தகுதி உண்டு. கொடுப்பவர்களும் கழிவு கேட்கலாம். அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ்ஸின் 1828-ஆம் வெளியீடு சபைகளுக்கென்றே எழுதப்பட்டது, அதில் தெளிவாக இருக்கிறது. ஒரே வித்தியாசம், கடிதம் இல்லாத சபையின் பெயர் ஐஆர்எஸ்ஸின் தேடல் பட்டியலில் வராது. நாளைக்குக் காணிக்கை கொடுத்த ஒருவருடைய வரி ரிட்டர்னைத் தோண்டினால் 'இது உண்மையிலேயே சபைதான்' என்று அவர்தான் நிரூபிக்க வேண்டியிருக்கும்.

ஹூஸ்டன் அக்கா:
அப்படியானால் போன நாலு குடும்பம்?

கணக்குப்பிள்ளை:
அவர்கள் வேறு எதற்காகவோ போயிருப்பார்கள் அக்கா. 2025-க்குக் கணவன் மனைவி சேர்ந்து போடும் ரிட்டர்னில், தனித்தனியாகக் கணக்குக் காட்டாமல் மொத்தமாகக் கழிக்கும் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 31,500 டாலர். வீட்டுக் கடன் இல்லாத நம் ஆட்கள் பெரும்பாலும் அதைத்தான் எடுக்கிறார்கள், காணிக்கையைத் தனியாகக் காட்டுவதே இல்லை. 2026 முதல்தான் அப்படி எடுப்பவர்களும் பணமாகக் கொடுத்ததில் தம்பதிக்கு 2,000 டாலர் வரை கழிக்கலாம் என்று வந்திருக்கிறது.

மழைக்காலம்:
எடுக்காதீர்கள். எடுத்தால் வருடா வருடம் 990 என்ற கணக்கு அறிக்கை போட வேண்டும், அப்புறம் மேடையில் என்ன பேசலாம் என்பதையும் அவர்கள் சொல்வார்கள். சபை தேவனுடையது, ராயனுடையது இல்லை.

கணக்குப்பிள்ளை:
பிரதர், கடிதம் வாங்கினாலும் சபைக்கு 990 கிடையாது. தேர்தல் வேட்பாளரை ஆதரிக்கக் கூடாது என்பது 1954-இல் அந்தச் சட்டப் பிரிவிலேயே சேர்த்த நிபந்தனை. கடிதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது பொருந்தும். வாங்கினால் ஒன்று மட்டும் உண்மை: விண்ணப்பம் பொது ஆவணம் ஆகிவிடும். யார் கேட்டாலும் காட்ட வேண்டும்.

கடைசி பெஞ்சு:
கடிதம் கிடக்கட்டும். முப்பது குடும்பம் என்கிறீர்கள், இன்னும் உடையவில்லையா? எங்கள் ஊரில் ஒரு தமிழ்ச் சபை இரண்டு வருடத்தில் மூன்றாகிவிட்டது. காரணம் உபதேசம் என்று வெளியே சொன்னார்கள். கீபோர்டு யார் வாசிப்பது என்பதுதான் காரணம்.

பழைய கோட்டு:
எங்களுக்கு பிரியாணி. ஈஸ்டர் பிரியாணிக்கு யார் வீட்டுச் சட்டி என்பதில் ஆரம்பித்தது.

ஹூஸ்டன் அக்கா:
சட்டி கழுவுவது யார் என்பதில் ஆரம்பித்தது என்று சொல்லுங்கள் அண்ணா. அதை எந்தக் கமிட்டியிலும் பேச மாட்டார்கள். காலை பதினொன்றுக்குப் போனால் இரவு எட்டுக்கு வீடு திரும்புவோம். மறுநாள் வேலை.

நிலைக்கதவு:
கொஞ்சம் நிறுத்துங்கள். தேரிமணல், நீங்கள் மூன்று விஷயம் சொல்லவில்லை. எந்த மாநிலம்? சபை ஏதாவது பிரிவோடு சேர்ந்ததா, தனிச் சபையா? போதகர் யார்?

தேரிமணல்:
மன்னிக்கவும் அண்ணா. டெக்சஸ், டாலஸ் பக்கம். தனிச் சபைதான், ஆனால் முக்கால்வாசிப் பேர் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து சிஎஸ்ஐ. போதகர் இல்லை, ஆளுக்கொரு வாரம் பேசுகிறோம். ஊரிலிருந்து ஒரு ஐயரை, போதகராக, கூப்பிடப் போகிறோம். ஜூனில் வர டிக்கெட்டும் போட்டாயிற்று. விசிட்டர் விசா வைத்திருக்கிறார். வந்த பிறகு மாதச் சம்பளம் பேசிக்கொள்ளலாம் என்று இருக்கிறோம். இதற்கும் கேள்விக்கும் சம்பந்தம் இருக்கிறதா?

நிலைக்கதவு:
இருக்கிறது தம்பி, இதுதான் கேள்வியே. விசிட்டர் விசாவில் வந்து இங்கே சபைச் சம்பளம் வாங்கக் கூடாது. அதற்கு சமயப் பணியாளர்களுக்கான ஆர்-1 விசா வேண்டும், உங்கள் சபைதான் அவருக்காக மனுப் போட வேண்டும். அந்த மனுவோடு ஐஆர்எஸ்ஸின் டிடர்மினேஷன் லெட்டரை, அதாவது அந்த 501(சி)(3) கடிதத்தை, வைத்தே ஆக வேண்டும். கணக்குப்பிள்ளை சொன்ன தானாக வரும் தகுதி வரி விஷயத்துக்குப் போதும், குடியேற்றத் துறைக்குப் போதாது. போதகரே கூப்பிடாத சபை என்றால் 'இப்போதைக்கு வேண்டாம்' என்றுதான் சொல்லியிருப்பேன். கூப்பிடுகிறீர்கள் என்பதால் எடுங்கள்.

ஆனால் நாளைக்கே அதில் இறங்காதீர்கள். உங்கள் வாடகைக்கும் வங்கிக்கும் அந்தக் கடிதம் தேவையே இல்லை. முதலில் டெக்சஸ் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்டிடம் 202-ஆம் படிவம், லாபநோக்கற்ற நிறுவனமாகப் பதிவு செய்ய. கட்டணம் 25 டாலர், மூன்று இயக்குநர்கள் வேண்டும். சபை கலைந்தால் மிச்சச் சொத்து வேறொரு தொண்டு நோக்கத்துக்குத்தான் போகும் என்ற வரியை அதிலேயே எழுதிவிடுங்கள். நாங்கள் அந்த ஒரு வரியை விட்டுவிட்டு 1023-ஐ, அதாவது 501(சி)(3) விண்ணப்பப் படிவத்தை, அனுப்பினோம். திருத்தி அனுப்பியதிலேயே ஒரு கோடைகாலம் போனது. அடுத்தது ஈஐஎன், சபைக்கான வரி அடையாள எண். ஐஆர்எஸ் தளத்தில் இலவசம், காசு கேட்கிற தளம் எல்லாம் இடைத்தரகர்கள். இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு சபை பெயரில் கணக்குத் திறங்கள். செக்கில் இரண்டு பேர் கையெழுத்து என்று உங்களுக்குள் விதி வையுங்கள். முடங்கிய கணக்கில் உள்ள காணிக்கையைப் பெயர், தேதி, தொகை போட்டுப் பட்டியல் எடுத்து, செயற்குழுவில் தீர்மானம் எழுதி, புதுக் கணக்குக்கு மாற்றுங்கள். நீங்கள் எச்-1பி வேலை விசாவில் இருந்தால் இந்த வேலைக்கு ஒரு டாலர்கூட வாங்காதீர்கள்.

விற்பனை வரி விலக்கு தனி. அது டெக்சஸ் மாநில வரி அதிகாரியான கம்ப்ட்ரோலரிடம், சமய அமைப்புகளுக்கென்று வேறு படிவம் இருக்கிறது.

அப்புறம் 1023. சின்னப் படிவமான 1023-ஈஸி சபைக்குக் கிடையாது, முழுப் படிவம்தான், கூடவே சபைகளுக்கான ஏ அட்டவணை. 600 டாலர், ஆன்லைனில்தான் அனுப்ப முடியும். விசுவாசப் பிரமாணம், ஆராதனை நேரம், ஞாயிறு பள்ளி, உறுப்பினர் எத்தனை பேர் என்றெல்லாம் கேட்பார்கள். பதில் வர மாதக்கணக்கில் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மழைக்காலம்:
இவ்வளவு அலைவதற்கு ஏதாவது ஒரு பெரிய சபைப் பிரிவோடு சேர்ந்துவிடலாமே?

நிலைக்கதவு:
சேரலாம். இங்குள்ள சில பிரிவுகள் தங்கள் சபைகளுக்கெல்லாம் சேர்த்துக் குழுக் கடிதம் வைத்திருக்கின்றன, அதன் கீழ் வந்தால் 1023 தேவையில்லை. ஆனால் அவர்கள் சட்டதிட்டமும் சேர்ந்தே வரும். இன்னொன்றும் பாருங்கள். ஆர்-1-க்கு ஐயர் கடைசி இரண்டு வருடம் உங்கள் சபையின் பிரிவிலேயே உறுப்பினராக இருந்திருக்க வேண்டும். 'தனிச் சபை, ஆனால் சிஎஸ்ஐ மாதிரி' என்று எழுதினால் குழப்பம். விசுவாசமும் ஆராதனை முறையும் ஒன்றுதான் என்று ஆவணத்தில் காட்ட வேண்டும். இந்த இடத்துக்கு மட்டும் குடியேற்ற வக்கீலுக்குக் காசு கொடுங்கள்.

ஹூஸ்டன் அக்கா:
ரசீதையும் சொல்லிவிடுங்கள் தம்பி. ஒரே தடவையில் 250 டாலரோ அதற்கு மேலோ கொடுத்தவர்களுக்கு எழுத்தில் ரசீது வேண்டும். பதிலுக்கு ஆவிக்குரிய நன்மை தவிர வேறெதுவும் தரவில்லை என்ற வரியும் அதில் இருக்க வேண்டும். எங்களுக்கு அது பிப்ரவரி கடைசியில்தான் ஞாபகம் வந்தது, பாதி ஜனம் அதற்குள் ரிட்டர்ன் போட்டுவிட்டார்கள்.

தேரிமணல்:
எல்லாருக்கும் நன்றி. இயக்குநராக இரண்டு பேர் ஒத்துக்கொண்டார்கள், மூன்றாவது நானாம். 202-ஐ இன்று ராத்திரி நிரப்புகிறேன். வாடகைக்கு ஒரு அண்ணன் தன் செக்கைக் கொடுத்திருக்கிறார். ஐயருடைய டிக்கெட்டை நிறுத்தச் சொல்லி அவரிடம் யார் பேசுவது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.

பழைய கோட்டு:
பொருளாளர்தான் தம்பி.